கட்டுரையில் கோர்வை எங்கிருந்து வருகிறது?

மன்னார்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. ‘காவிரியும் டெல்டா உழவும்’ என்ற தலைப்பில் அவள் எழுதிய கட்டுரைக்கு எட்டு மதிப்பெண்ணில் நாலரை வந்திருக்கிறது. ஓரத்தில் தமிழாசிரியர் எழுதியிருப்பது: “கருத்து இருக்கிறது. கோர்வை இல்லை. பத்தி பிரித்து எழுதவும்.” எழுத்துப் பிழை கிடையாது, முன்னுரை முடிவுரை உண்டு, உட்தலைப்பு போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறாள், மேற்கோளும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்வது என்பது அம்மாவின் கேள்வி. கட்டுரையையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

படித்தேன். ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ள முடியாது. ‘கோர்வையாக எழுது’ என்று எல்லாரும் சொல்கிறோம். எப்படி என்று உட்கார்ந்து காட்டுவது குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவள் கட்டுரையின் நடுப்பகுதி இப்படிப் போகிறது:

“காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது. கரிகாலன் கல்லணையைக் கட்டினான். மேலும் இங்கு குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களில் நெல் விளைகிறது. மேலும் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். எனவே நாம் நீரைச் சேமிக்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. மேலும் ஆறுகளில் குப்பை கொட்டக் கூடாது.”

ஒவ்வொரு வரியும் உண்மை. பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். குறை எங்கே என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். இந்த ஏழு வரிகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்து, எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்கிப் படியுங்கள். கரிகாலனைக் கடைசியில் வைத்தாலும், குப்பையை முதலில் வைத்தாலும் ஒன்றும் கெடுவதில்லை. வரிகளை இடம் மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால், அந்த வரிசைக்குக் காரணமே இல்லை என்று அர்த்தம். கோர்வை இல்லை என்று ஆசிரியர் சொன்னது இதைத்தான். இதன்மேல் இன்னும் நான்கு ‘மேலும்’ போட்டாலும் சரியாகாது.

ஆகவே முதல் வேலை வரிசை. இணைப்புச் சொல், பத்தி அளவு எல்லாம் அப்புறம்.

இந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்ல இயல்பான வரிசைகள் குறைந்தது மூன்று இருக்கின்றன. ஒன்று, தண்ணீர் போகும் வழியிலேயே போவது. மேட்டூரில் திறந்த நீர் முக்கொம்புக்கு வருகிறது. அங்கே கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, மிஞ்சுவது கொள்ளிடத்துக்குப் போகிறது. பிறகு கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கடைசியில் கடைமடை. இரண்டாவது, பருவத்தின் வழியில் போவது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறப்பு, குறுவை நடவு, ஆடிப்பெருக்கு, சம்பா விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, தை அறுவடை. மூன்றாவது, காரணத்தின் வழியில் போவது. கடைமடைக்கு ஏன் தண்ணீர் தாமதமாகிறது, அதனால் என்ன நேர்கிறது, என்ன செய்யலாம்.

மூன்றில் எதை எடுத்தாலும் நல்ல கட்டுரை வரும். ஒன்றை எடுத்துவிட்டால் அதிலேயே போக வேண்டும். தண்ணீரின் வழியில் போகிற கட்டுரையில் கல்லணை எந்த இடத்தில் வரும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. முக்கொம்புக்குப் பின்னால், கிளை ஆறுகளுக்கு முன்னால். கரிகாலனும் அங்கேதான் வருவான். 93.47 டி.எம்.சி. என்ற எண் மேட்டூர் பத்தியில் உட்காரும். வரிசை சரியாக அமைந்தால் ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். இணைப்புக்காகத் தவிக்கிற பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால், பெரும்பாலும் வரிசையைத் தீர்மானிக்காமலே எழுத உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் உங்கள் மகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை பாமணியாற்றைப் பார்த்து வளர்ந்திருப்பாள். நீடாமங்கலத்துக்கு அருகில் ‘மூணாறு தலைப்பு’ என்ற, ஆறு பிரியும் இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பாடநூலில் உள்ள கல்லணையோடு நிற்காமல் அந்த மூணாறு தலைப்பையும் ஒரு வரி எழுதினால், திருத்துகிறவர் அங்கே நிமிர்ந்து உட்காருவார். அடுக்கடுக்காக ஒரே மாதிரி விடைத்தாள்களைப் படிப்பவருக்கு அப்படி ஒரு வரி பெரிய ஆறுதல்.

இனி பத்தி. பத்தி என்றால் ஐந்து வரி எழுதிவிட்டு மூச்சு வாங்கும் இடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு பத்தி ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அந்த விஷயத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். வெறும் தலைப்பாகச் சொன்னால் போதாது. ‘கடைமடை’ என்பது தலைப்பு. அதன் கீழே எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் ஆபத்து. ‘கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவதால் அங்கே விதைப்பும் தள்ளிப்போகிறது’ என்பது வாக்கியம். அதன் கீழே எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அதுவே சொல்லிவிடும்.

எழுதத் தொடங்கும் முன் பத்திக்கு ஒரு வாக்கியமாக இப்படி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்:

“மேட்டூர் திறக்கும் நாளை ஒட்டித்தான் டெல்டாவின் குறுவை நடக்கிறது. திறந்த தண்ணீர் முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிந்து பல ஆறுகளாகப் போகிறது. அப்படிப் பிரிந்து போவதால் கடைமடைக்குக் கடைசியில்தான் தண்ணீர் வருகிறது. வாய்க்கால் தூர்ந்திருந்தால் அதுவும் வந்து சேராது. ஆகவே அணை திறப்பதைப் போலவே தூர்வாருவதும் குளங்களைக் காப்பதும் முக்கியம்.”

ஐந்து பத்திக்கு ஐந்து வாக்கியம். இவற்றை நிறுத்தாமல் படித்தால் ஒரு சிறு பத்தி போலவே ஓடுகிறது அல்லவா? அப்படி ஓடினால் கட்டுரையும் ஓடும். எங்கேயாவது தட்டினால், அந்த இடத்தில் வரிசையை மாற்ற வேண்டும், அல்லது நடுவில் ஒரு பத்தி குறைகிறது. இதைத் தாளில் ஐந்து வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். மூன்று பக்கம் எழுதிய பிறகு கண்டுபிடித்தால் அடிக்க மனம் வராது.

கடைமடைப் பத்தியை மட்டும் நான் எழுதிக் காட்டுகிறேன். எல்லாம் உங்கள் மகளின் கட்டுரையில் இருந்த விஷயத்தை ஒட்டியதுதான்:

“ஆற்றின் தலைப்பில் இருக்கும் வயலுக்கும் கடைமடை வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் கிடைப்பதில்லை. கல்லணையில் பிரியும் நீர் கிளை ஆறுகளுக்கும், அவற்றிலிருந்து வாய்க்கால்களுக்கும் போன பிறகுதான் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்து வயல்களை எட்டுகிறது. வழியில் வாய்க்கால் தூர்ந்திருந்தாலோ ஆகாயத்தாமரை மண்டியிருந்தாலோ இந்தத் தாமதம் இன்னும் கூடும். தண்ணீர் தள்ளிப்போனால் விதைப்பு தள்ளிப்போகும். விதைப்பு தள்ளிப்போனால் இளம்பயிர் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அணை திறப்பதற்கு முன்பே தூர்வாரும் பணி முடிய வேண்டும் என்று கடைமடை உழவர்கள் கேட்கிறார்கள்.”

இதில் ‘மேலும்’ ஒன்றுகூட இல்லை. இருந்தும் ஒரு வரியை இடம் மாற்றினால் பத்தி கெட்டுப்போகும். எது பிடித்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றாம் வரியில் வரும் ‘இந்தத் தாமதம்’ என்ற இரண்டு சொல், முன்னால் இரண்டு வரியில் சொன்ன அத்தனையையும் ஒரு பெயராகச் சுருட்டி எடுத்துக்கொள்கிறது. ‘இந்த’, ‘அந்த’, ‘இப்படி’ என்ற சுட்டோடு ஒரு பெயரைச் சேர்ப்பது தமிழில் இருக்கும் மிக நல்ல இணைப்பு. இந்தத் தாமதம், இந்தப் பழக்கம், அந்த நம்பிக்கை, இப்படிப்பட்ட இழப்பு. சுட்டு மட்டும் தனியாக நின்றால் குழப்பம் வரும்; ‘இது இன்னும் கூடும்’ என்றால் எது என்று கேட்கத் தோன்றும். பெயரையும் சேர்த்து எழுதப் பழக்குங்கள்.

நான்காம் வரியில் ஒன்று முடிந்த சொல்லிலிருந்து அடுத்தது தொடங்குகிறது: தண்ணீர் தள்ளிப்போனால் விதைப்பு, விதைப்பு தள்ளிப்போனால் இளம்பயிர். இது நமக்குப் புதிதல்ல. திருக்கடையூர்க் கோயிலில் பாடும் அபிராமி அந்தாதி இப்படித்தான் போகிறது. முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடிந்தால் அடுத்தது ‘துணையும்’ என்று எடுக்கும். நூறு பாட்டையும் வரிசை தவறாமல் மனப்பாடம் செய்ய முடிவதற்கு அந்தக் கட்டும் ஒரு காரணம். கட்டுரையில் எல்லா வரியையும் அப்படி எழுதினால் திகட்டிவிடும். பத்திக்கு ஒருமுறை, காரணம் விளைவு சொல்லும் இடத்தில், நன்றாக உட்காரும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். கடைமடைப் பத்தி ‘தூர்வாரும் பணி’யைத் தொட்டுவிட்டு முடிகிறது. அடுத்த பத்தி, “ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் தூர்வார முடியாது, மேட்டூர் மூடியிருக்கும் கோடைதான் அதற்குக் காலம்” என்று தொடங்கலாம். இரண்டு பத்திக்கும் நடுவே எந்த இணைப்புச் சொல்லும் வேண்டியிருக்கவில்லை. முந்தைய பத்தியின் கடைசி வரியில் அடுத்ததன் விதை இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் “இனி தூர்வாருதல் பற்றிக் காண்போம்” என்று எழுதிவிடுவார்கள். அது வேண்டாம். ‘காண்போம்’ எதையும் இணைக்காது, அறிவிப்பு மட்டும் செய்யும்.

இணைப்புச் சொற்களே கூடாது என்று சொல்லவில்லை. எழுதி முடித்ததும் பென்சிலால் எல்லா ‘மேலும்’, ‘எனவே’, ‘ஆகவே’வையும் அடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நிறைய இடத்தில் ஒன்றும் குறையாது, அவை போகட்டும். எங்கே குறைகிறதோ அங்கே என்ன உறவு என்று கேட்டு அதற்குரிய சொல்லைப் போட வேண்டும். ‘எனவே’ வந்தால் அதற்கு முன்னால் காரணம் இருக்க வேண்டும். அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது சேமிப்பதற்குக் காரணம் ஆகாது. ‘அந்த அளவு எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை’ என்று ஒரு வரி நடுவில் வந்திருந்தால் ‘எனவே’ நியாயமாக நின்றிருக்கும். ‘ஒருபுறம்’ என்று தொடங்கியவள் ‘மறுபுறம்’ சொல்லாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள், அதையும் பாருங்கள். ‘ஆனால்’ போட்டால் உண்மையிலேயே பேச்சு திரும்ப வேண்டும்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்லியிருக்கிறார். பள்ளிக் கட்டுரைக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது. அழகில் ஒன்று ‘முறையின் வைப்பு’. இதுவரை வரிசையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். குற்றங்களில் மூன்று உங்கள் மகளின் கட்டுரையில் இருக்கின்றன. அகத்தியர் கமண்டலத்தைக் காகம் தட்டிவிட்ட கதையை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அழகாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆனால் தலைப்பு உழவு. இது ‘மற்றொன்று விரித்தல்’. முன்னுரையில் சொன்ன ‘நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது’ என்பதை நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை திரும்பச் சொல்லியிருக்கிறாள், ‘கூறியது கூறல்’. தொடக்கம் ஒரு பக்கம், நடு அரைப் பக்கம், முடிவு ‘நீரைக் காப்போம், நாட்டைக் காப்போம்’ என்று ஒரே வரி. இது ‘சென்று தேய்ந்து இறுதல்’. நேரம் போதாமல் இப்படி ஆவதுண்டு. அதற்கு மருந்து, கதையில் செலவழித்த நேரத்தைக் கடைமடைக்குக் கொடுப்பது.

முன்னுரைக்கு வருவோம். ‘பஞ்சபூதங்களில் ஒன்று நீர்’ என்று தொடங்கினால் அது காவிரிக்கும் பொருந்தும், குடிநீர்க் குழாய்க்கும் பொருந்தும். இந்தத் தலைப்புக்கு மட்டுமே பொருந்துகிற வரியில் தொடங்கட்டும். “ஜூன் 12 நெருங்கும்போது டெல்டா உழவர்கள் பேப்பரில் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். 120 அடியில் இன்று எத்தனை அடி என்பதைப் பொறுத்துத்தான், பம்புசெட் இல்லாதவர்கள் குறுவைக்கு விதை வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியும்.” இரண்டு வரியில் அணை, உழவு, அந்த உறவில் இருக்கும் கவலை மூன்றும் வந்துவிட்டன. அடுத்த பத்தி மேட்டூருக்குப் போக வழியும் திறந்துவிட்டது.

மேற்கோளும் இணைப்பு வேலை செய்யும், செய்யவிட்டால். அவள் பட்டினப்பாலையிலிருந்து ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்ற வரியைக் கட்டுரையின் தலையில் வைத்து, அப்படியே விட்டுவிட்டாள். மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று புலவர் பாடுகிறார். இன்று ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்க முடியாமல் போன ஆண்டுகள் பல உண்டு. அந்தப் பாட்டையும் இந்த நிலையையும் பக்கத்தில் வைத்து நடுவே ஓர் ‘ஆனால்’ போட்டால், அதுவே ஒரு பத்தியின் திருப்பம். மேற்கோள் எழுதிய பிறகு அதைப் பற்றி நம் சொல்லில் ஒரு வரியாவது வர வேண்டும். வராத மேற்கோளை எடுத்துவிடலாம், மதிப்பெண் குறையாது.

உட்தலைப்பு கட்டாயமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுத்தேர்வுக் கட்டுரையில் போடட்டும். குறிப்புகளைக் கொடுத்துத்தான் கேட்கிறார்கள். திருத்துகிறவரும் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் தேடுவார். அங்கே வரிசையைக் கேள்வியே கொடுத்துவிடுவதால் அதை மாற்ற வேண்டாம். பத்திக்குள் இருக்கும் வரிசையும், ஒரு குறிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் கடைசி வரியும் மட்டும் அவள் கையில் இருக்கின்றன. எழுதியதும் உட்தலைப்புகளை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். மறைத்தபோதும் ஓட வேண்டும். வினாத்தாளைப் படிக்கத் தரும் நேரத்திலேயே பத்திக்கு ஒரு வாக்கியம் என்று மனதில் யோசித்துவிட்டால், கட்டுரைக்கு வந்ததும் ஓரத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டு எழுதத் தொடங்கலாம்.

முடிவுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரை எங்கே வந்து சேர்ந்ததோ அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். கடைமடையிலும் தூர்வாருவதிலும் வந்து முடிந்த கட்டுரைக்கு, ஒவ்வோர் ஊரும் தன் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் என்ன செய்யலாம் என்று மூன்று வரி எழுதினால் அது முடிவுரைதான். முழக்கம் வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குத் தமிழிலக்கணம் தெரிய வேண்டியதில்லை. எழுதுவதற்கு முன் கட்டுரையை உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் உங்களுக்குத் தோன்றுவதைக் கேளுங்கள்: ‘ஏன் அப்படி?’, ‘அப்புறம்?’, ‘அதனால என்ன ஆச்சு?’, ‘நம்ம ஊர்லயும் அப்படித்தானா?’ அவள் சொல்லும் பதில்தான் அடுத்த பத்தி. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியாமல் வேறு விஷயத்துக்குத் தாவினால், கட்டுரையிலும் அந்த இடத்தில்தான் வெட்டு விழும். பேசும்போது பிள்ளைகள் ‘அதான்’, ‘இருந்தாலும்’, ‘அதுக்குள்ள’ என்று தானாகவே இணைத்துப் பேசுகிறார்கள். நோட்டைத் திறந்ததும் அது மறைந்து ‘மேலும்’ வந்துவிடுகிறது. வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு உடனே எழுத உட்கார்ந்தால் அந்த ஓட்டத்தில் பாதியாவது தாளுக்கு வரும். ‘அதான்’ இருந்த இடத்தில் ‘அதனால்தான்’ போட்டால் எழுத்து நடையும் ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையையே திரும்ப எழுதச் சொல்லுங்கள், புதுத் தலைப்பு வேண்டாம். விஷயம் ஏற்கனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் வரிசையில் இருக்கும். ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி எழுதட்டும். எழுதியதை அதே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். ‘பத்தி பிரித்து எழுதவும்’ என்று ஓரத்தில் எழுத நேரம் எடுத்துக்கொண்டவர், திரும்ப வந்த நோட்டையும் வாங்கிப் பார்ப்பார்.